வாசலிலிருந்து மேடைக்கு: நாதசுர வித்துவான் இராஜரத்தினம் பிள்ளையின் வாழ்வும் பணியும்

திருமண மண்டபத்தில் தாலி கட்டும் வேளை நெருங்குகிறது. புரோகிதர் கையசைக்கிறார். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று நாலா பக்கமும் குரல் எழுகிறது. நாதசுரமும் தவிலும் ஒருசேர முழங்குகின்றன, அட்சதை பறக்கிறது. அடுத்த நொடியே கூட்டம் பந்தியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. அதுவரை இரண்டு மணி நேரமாக வாசித்தவர் யார், அவர் வாசித்த இராகம் எது, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்பவர் அரியர். சொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. நாதசுரம் இல்லாமல் நமக்கு மங்கலம் இல்லை. ஆனால் நாதசுரக்காரரை நாம் அறிந்ததும் இல்லை.

இந்த முரண் இன்று தோன்றியதன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு. அதை எதிர்த்துத் தம் வாழ்நாள் முழுவதும் போராடி, ஓரளவு வென்றும் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவரே நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. அவருடைய வரலாற்றைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் வேண்டும். அது ஓர் இசைக்கலைஞரின் வரலாறாக இருப்பதோடு, கலைஞனைச் சமுதாயம் எங்கே நிற்க வைத்தது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

பண்டைச் சிறப்பும் பிற்காலச் சிறுமையும்

சங்க இலக்கியத்தில் பாணர் பெற்ற இடம் நாம் அறிந்ததே. யாழுடன் வந்த பாணனை எதிர்கொண்டு வரவேற்று, பொற்றாமரை சூட்டிய மன்னர்களைப் புறநானூறும் ஆற்றுப்படை நூல்களும் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய இலக்கணத்தைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. கருவி இசைப்பவனை 'ஆசிரியன்' என்று அழைத்த பண்பாடு நம்முடையது.

அந்த மதிப்பு நிலைக்கவில்லை. காலப்போக்கில் இசை கோயிலைச் சார்ந்தது. இசைத்தவர் கோயிலுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஊழியம் செய்பவர் ஆயினர். நாதசுரமும் தவிலும் அமைந்த குழு 'பெரிய மேளம்' என்றும், ஆடல் மகளிர்க்குரிய குழு 'சின்ன மேளம்' என்றும் பெயர் பெற்றன. காவிரிக் கரையில் இக்கலையைப் பெரும்பாலும் பேணி வந்தவர்கள், பின்னாளில் இசைவேளாளர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட குலத்தினர்.

பெரிய மேளத்தின் அமைப்பை மாணவர்க்கு இங்கே சுருக்கமாகச் சொல்வது தகும். நாதசுரத்தை நாகசுரம் என்றும் வழங்குவர். அதன் நீண்ட குழலுக்கு உலவு என்று பெயர்; அது ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படுவது. அடியில் விரிந்த வாய் அணைசு. மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய். அதில் பொருத்தி வாயில் வைத்து ஊதுவது சீவாளி. சீவாளி கொறுக்கை எனப்படும் நாணல் வகையிலிருந்து செய்யப்படுவது. குழலில் பன்னிரண்டு துளைகள் உண்டு. விரல் வைத்து வாசிப்பதற்குரியவை ஏழு. எஞ்சிய ஐந்தும் சுருதியைச் சீர்செய்வதற்கு உதவுபவை. உடன் முழங்கும் தவில் பலா மரத்தால் ஆனது. அதன் ஒரு பக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும், மறுபக்கத்தைக் கழியாலும் முழக்குவர். மாறாத சுருதி தருவது ஒத்து. காலம் காட்டுவது தாளம்.

கோயிலில் இக்குழுவின் பணி கடுமையானது. விடியற்காலையில் பூபாளம் தொடங்கி அந்தந்த வேளைக்குரிய இராகம் வாசித்தல் வேண்டும். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்தல் வேண்டும்; பாடற்சொற்கள் இல்லாமல் தாளக்கட்டோடு இயங்கும் இசை வடிவம் அது. வீதியுலாவின்போது இரவு முழுவதும் நடந்துகொண்டே இசைத்தலும் உண்டு. இவ்வளவு உழைத்தவர்க்கு ஊர் தந்த இடம் யாது? மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசித்தல் வேண்டும் என்பது வழக்கம். வாய்ப்பாட்டுக்காரரும் வீணை வித்துவானும் மேடையில் அமர்ந்து பாடவும் வாசிக்கவும், நாதசுரக்காரர் மட்டும் வாசலிலும் வீதியிலும் நின்றார்.

கடற்கரையில் ஒரு பிறப்பு

இந்நிலையில் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் இராஜரத்தினம் பிறந்தார். பிறந்த ஊர் நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகல். இளமையிலேயே தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். பெயருக்கு முன் நிற்கும் 'டி. என்.' என்னும் எழுத்துகள் இந்தத் திருமருகல் நடேசனையே குறிப்பன. மாமன் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த நாதசுர வித்துவான்.

நாகப்பட்டினம் என்னும் பெயர் மலாயாத் தமிழர்க்குப் புதியதன்று. நம் முன்னோர் பலர் கப்பலேறிய துறைமுகம் அது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அமைந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்ட பின்னரே தோட்டத் தொழிலாளர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டனர். 1926 முதல் பல பத்தாண்டுகள் ஓடிய 'ரஜுலா' கப்பலின் வழித்தடத்திலும் நாகப்பட்டினம் இருந்தது. கங்காணியின் சொல்லை நம்பித் தஞ்சைச் சீமையின் உழவர்கள் இத்துறையில் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில்தான், அதற்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்த சிறுவன் சீவாளியை வாயில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவனும், மதிப்பைத் தேடி நாதசுரம் ஏந்தியவனும் ஒரே மண்ணின் மக்கள்.

இராஜரத்தினம் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் என்னும் புகழ்பெற்ற பிடில் வித்துவானிடம் பயின்றார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை முதலியோரிடம் நாதசுரம் கற்றார். இந்த வரிசை கருதத்தக்கது. பாட்டின் நெளிவு சுளிவுகளை முதலில் குரலில் அறிந்தவர் ஆதலின், பிற்காலத்தில் அவர் கருவியும் பாடியது. ஆதீனத்தின் வித்துவானாகித் திருவாவடுதுறையையே தம் ஊராகக் கொண்டார்; அவ்வூரின் பெயரும் அவர் பெயரோடு இணைந்தது.

தோடியின் அரசர்

சொற்களின் துணையின்றி ஓர் இராகத்தை விரித்துரைப்பதே நாதசுரத்தின் தனித்திறன். மூச்சும் விரலும் சீவாளியை அழுத்தும் உதடும் ஒன்றுபட்டால், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு இழைந்து செல்லும் கமகங்கள் குரலையும் விஞ்சும் வண்ணம் ஒலிக்கும். இத்திறனில் இராஜரத்தினம் பிள்ளைக்கு நிகர் அவரே. குறிப்பாகத் தோடி இராகம் அவருடைய தனிச்சொத்து எனக் கருதப்பட்டது. மணிக்கணக்கில் தோடியை மட்டுமே வாசித்தும், ஒருமுறை வந்த சங்கதி மீண்டும் வராமல் காத்தவர் என்று கேட்டவர்கள் வியந்து பேசினர். அவருடைய தோடி இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

இசைத்தட்டு செய்த மாற்றம் பெரிது. அதுவரை நாதசுரத்தைக் கேட்க வேண்டுமாயின் திருவிழாக் கூட்டத்தில் நின்றாக வேண்டும்; கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவர்கள் வெளியே தொலைவில் நின்று கேட்டாக வேண்டும். இசைத்தட்டோ யார் வீட்டுக்கும் வரும். தேநீர்க் கடைக்கும் வரும். கடல் கடந்தும் வரும். கலைஞனை நேரில் காணாதவனும் அவன் இசையை மீண்டும் மீண்டும் கேட்டுக் கற்கலாம் என்னும் நிலை தோன்றியது.

தவிலில் அவருக்குத் துணைநின்றவர்களுள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலைசிறந்தவர். பக்கவாத்தியம் என்னும் நிலையிலிருந்து தவிலையும் தனித்துக் கேட்கத்தக்க கலையாக உயர்த்திய மேதை அவர். இருவரும் சேர்ந்து வாசித்த காலத்தைப் பெரிய மேளத்தின் பொற்காலம் எனலாம்.

கருவியைத் திருத்திய கலைஞர்

பழங்காலத்தில் வழக்கிலிருந்தது திமிரி நாதசுரம். அளவில் குறுகியது, சுருதியில் உயர்ந்தது. திறந்த வீதியில் நெடுந்தொலைவு கேட்பதற்கு ஏற்றது. ஆயின் அமர்ந்து அமைதியாகக் கேட்கும் அவைக்கு அதன் ஒலி மிகையானது. மேலும், சுத்த மத்திமம் என்னும் சுரம் அதில் இயல்பாக வாராது. மூச்சையும் உதட்டையும் அடக்கி முயன்றே அதைப் பிடித்தல் வேண்டும். தோடிக்குரியதோ சுத்த மத்திமம்! தோடியில் தோய்ந்த கலைஞர்க்கு இக்குறை எவ்வளவு இடர் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இராஜரத்தினம் பிள்ளை அதைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. திருவாவடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் செய்யும் ஆசாரிமார் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான இரங்கநாதன் ஆசாரியோடு கூடி, நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாதசுரம் செம்மையுற வழிகண்டார். வாசிப்பவர் குறையைச் சொல்ல, கடைபவர் துளையின் அளவையும் இடத்தையும் மாற்ற, மீண்டும் வாசித்துப் பார்க்க என இருவர் அறிவும் ஒன்றுசேர்ந்தே சுத்த மத்திமம் தன்னியல்பாகப் பேசும் கருவி பிறந்தது. இன்று மேடைகளில் நாம் கேட்கும் ஆழ்ந்த ஒலி பாரியின் ஒலியே. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தச் சிறப்பில் மரம் கடைந்த கைகளுக்கு உரிய பங்கை நாம் மறத்தல் ஆகாது.

ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைச் சுருதிக்கு அமைத்துக்கொண்டதும் அவர் செய்த மாற்றமே. தம்புரா அரங்கத்து இசைக்குரியது. வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு உள்ள மதிப்பு நாதசுரக் கச்சேரிக்கும் உண்டு என்பதை அவர் வாதிட்டு நிறுவவில்லை. தம்புராவைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

உடையும் இருக்கையும்

இராஜரத்தினம் பிள்ளை குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். மேலாடையின்றி நிற்றல் வேண்டும் என்னும் வழக்கத்தை மீறிப் பட்டுச் சட்டையும் நீண்ட அங்கியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் மின்னியது. நின்று வாசிக்க மறுத்து, மேடை அமைத்தால் அமர்ந்து வாசிப்பேன் என்றார். சன்மானமும் உயர்ந்த அளவிலேயே கேட்டார்.

இவற்றை ஆடம்பரம் என்றும் அகந்தை என்றும் கருதியவர் அக்காலத்தில் உண்டு. சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறொன்று புலனாகும். சட்டை அணிவது செல்வர்க்கு ஆடம்பரமாக இருக்கலாம்; சட்டை அணியக் கூடாது என்று தடுக்கப்பட்டவனுக்கு அது உரிமை. உட்கார்வது ஓய்வாக இருக்கலாம். உட்கார அனுமதி இல்லாதவனுக்கு அது விடுதலை. தாம் பெற்ற இடத்தை அவர் தமக்கு மட்டும் பெறவில்லை. ஒருவர் மேடையில் அமர்ந்தபின், அடுத்து வந்த நாதசுரக் கலைஞரை 'நீ நில்' என்று சொல்வது ஊராருக்கு அரிதாயிற்று.

அவர் புகழ் மேடையோடு நிற்கவில்லை. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1940-இல் வெளிவந்த 'காளமேகம்' திரைப்படத்தில் அவரே காளமேகப் புலவராக நடித்தார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், இந்தியா விடுதலை பெறும் இரவில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லியில் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்டபோது உடன் சென்றது இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரம். ஊர்ப் பெரியவரின் வாசலில் துண்டை இடுப்பில் கட்டி நின்ற கலை, ஒரு நாட்டின் விடுதலை நாளில் ஒலித்தது. 1955-இல் சங்கீத நாடக அகாதமியின் விருதும் அவரை வந்தடைந்தது.

குறைகளும் மறைவும்

வரலாறு எழுதுவோர் புகழ்மாலை மட்டும் தொடுத்தல் முறையன்று. இராஜரத்தினம் பிள்ளை கைக்கு வந்த செல்வத்தைக் காக்கத் தெரியாதவர். சினம் மிக்கவர்; ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராது போன நாள்களும் உண்டு. குடிப்பழக்கம் அவர் உடலையும் பொருளையும் அரித்தது. பலமுறை மணந்தும் மக்கட்பேறு இல்லை. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தபோது அகவை ஐம்பத்தெட்டு. அள்ளிக் குவித்தவர், சேர்த்து வைத்தது மிகச் சிறிதே.

அவர் விட்டுச் சென்ற செல்வம் மாணவரிடத்தும், கேட்டுக் கற்றவரிடத்தும் இருந்தது. நெல்லைச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் அவர்தம் முதன்மை மாணவர். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட நாதசுரம் அருணாசலத்தினுடையது. அந்தப் பாடலை அறியாத தமிழ் வீடு மலேசியாவில் அரிது. ஆந்திர மாநிலத்துக் கரவதி என்னும் ஊரில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பால் ஈர்க்கப்பெற்று, தஞ்சைப் பாணியைப் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி வாழ்ந்தார். குலத்துக்குள் அடைபட்டிருந்த கலை, குலமும் சமயமும் கடந்தது. இதனினும் பெரிய நினைவுச்சின்னம் ஒரு கலைஞனுக்கு வேண்டுமோ?

நம் மண்ணில் நாதசுரம்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொகூரில் தமிழர் குடியிருப்புகளும் பெருகின. தோட்டம் தோறும் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது; நகரங்களிலும் கோயில்கள் தோன்றின. சொகூர் பாருவின் இராஜமாரியம்மன் கோயில் 1911-ஆம் ஆண்டில் தோன்றியது. தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த தப்பும் உறுமியும் தோட்டத்துத் திருவிழாக்களில் முழங்கின. ஆகம முறையில் அமைந்த நகரக் கோயில்களிலோ நாதசுரமும் தவிலும் இடம்பெற்றன. பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். தோட்டத்துக் கோயில்கள் பலவற்றின் திருவிழாக்கள் சுருங்கின.

இன்று உறுமி மேளம் நம் இளைஞரிடையே செழித்து வளர்ந்திருக்கிறது. தைப்பூசத்தில் காவடிக்கு முன் முழங்குவது பெரும்பாலும் அதுவே. இது மகிழத்தக்க வளர்ச்சி. உழைக்கும் மக்களின் இசைக்கருவி அது. ஆயினும் நாதசுரத்தைக் கற்க முன்வரும் இளைஞர் மிகச் சிலரே. கோயில்கள் பலவும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களை வரவழைத்தே பணியை நடத்துகின்றன. காரணம் எளிது. பல ஆண்டுப் பயிற்சியை வேண்டும் கலை இது. அப்பயிற்சிக்கு ஈடான வருவாயோ மதிப்போ இங்குக் கிடைப்பதாக இளைஞர் நம்பவில்லை. நம் மண்டபங்களில் நாதசுரக்காரர்க்கு நாம் தரும் இடத்தைப் பார்த்தால், அவர்களைக் குறைகூற இயலாது.

இராஜரத்தினம் பிள்ளை மேடை கேட்டார். நாம் மேடை தந்துவிட்டோம். ஆனால் அம்மேடையை ஒலிபெருக்கிக்கும் மலர்த்தோரணத்துக்கும் நடுவே ஒரு மூலையில் அமைத்துவிட்டு, முதுகைக் காட்டி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். நின்று வாசித்தவரை மக்கள் செவிமடுத்த காலம் ஒன்று இருந்தது. அமர்ந்து வாசிப்பவரைச் செவிமடுப்பார் இல்லாத காலம் இது. அவருடைய போராட்டத்தில் எஞ்சியிருக்கும் பாதி நம் பொறுப்பில் இருக்கிறது.

தமிழாசிரியர்களால் இதில் ஆகக்கூடியது சிறிதன்று. அரங்கேற்று காதையின் குழலாசிரியனைப் பற்றி வகுப்பில் விளக்குங்கால், உலவையும் சீவாளியையும் மாணவர்க்குக் காட்டலாம். அண்மையிலுள்ள கோயிலின் நாதசுரக் கலைஞரைப் பள்ளிக்கு அழைத்து, கால் மணி நேரம் தோடியையோ மல்லாரியையோ வாசிக்கச் செய்து, மாணவர் அவரிடம் கேள்வி கேட்கலாம். அவரை 'ஐயா' என்று அழைத்து, நாற்காலி தந்து அமரச் செய்து, உரிய சன்மானத்தை உறையிலிட்டு இரு கையாலும் வழங்குவதை மாணவர் கண்ணால் காணட்டும். பாடநூலில் படிக்கும் பாணர் மரபு அந்த ஒரு காட்சியில் அவர்களுக்கு விளங்கிவிடும்.

அடுத்த முறை ஒரு திருமணத்துக்குச் செல்லும்போது சற்று முன்னதாகவே செல்வோம். கெட்டிமேளம் முழங்குவதற்கு முன்னர் வாசிக்கப்படும் இராகத்தை ஐந்து நிமிடம் பேசாமல் கேட்போம். முடிந்தபின் மேடையருகே சென்று, 'ஐயா, தாங்கள் எந்த ஊர்?' என்று கேட்போம். திருமருகலில் பிறந்த அந்தச் சிறுவன் வாழ்நாளெல்லாம் வேண்டி நின்றது அந்த ஒரு கேள்விக்குரிய மதிப்பையே.